பக்கத்து வீட்டு நெருப்பு

உங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்க எத்தனை நொடி ஆகும்?

குமிழைத் திருகி, லைட்டரை ஒரு தட்டு தட்டினால் வேலை முடிந்தது. லைட்டர் மக்கர் பண்ணினால் பூஜை அலமாரியில் ஒரு தீப்பெட்டி இருக்கும். அதுவும் காலியா? தெருமுனையில் பெட்டிக்கடை இருக்கிறது. ரெண்டு ரூபாய். ஆக மொத்தம் அஞ்சு நிமிஷப் பிரச்னை. இதைப் போய் யாராவது கஷ்டம் என்று சொல்வார்களா?

சொன்னார்கள். நம் பாட்டிக்குப் பாட்டி காலத்துக் கிராமத்தில், ஒரு வீட்டின் அன்றாடத் தொல்லைகளைப் பட்டியல் போட்டால், 'விடிகாலையில் அடுப்பில் நெருப்பு இல்லை' என்பது முதல் நாலைந்துக்குள் வந்துவிடும். கிணற்றில் தண்ணீர் இல்லை, கூரை ஒழுகுகிறது, மாடு பால் கறக்கவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல்... இவற்றோடு சரிசமமாக உட்கார்ந்திருந்த தொல்லை அது.

அந்தத் தொல்லையைத் தீர்த்துவைத்த ஊர் சிவகாசி. எப்படித் தீர்த்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

தீப்பெட்டி வருவதற்கு முன்னால் வீடுகளில் என்ன செய்தார்கள்? நெருப்பை 'உண்டாக்குவது' பெரும்பாடு. சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டி, பொறியைப் பஞ்சில் பிடித்து, ஊதி ஊதிக் கனிய வைக்க வேண்டும். கை தேர்ந்தவர்களுக்கே பொறுமை போய்விடும். அதனால், நெருப்பை உண்டாக்குவதைவிட அதை அணையாமல் காப்பாற்றுவதுதான் புத்திசாலித்தனம் என்று நம் பெண்கள் முடிவு செய்திருந்தார்கள்.

ராத்திரி சமையல் முடிந்ததும், கனன்றுகொண்டிருக்கும் கங்கை அப்படியே சாம்பலால் மூடிவிடுவார்கள். பாதி எரிந்த வறட்டித் துண்டு இருந்தால் இன்னும் விசேஷம். அது உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டு கிடக்கும். காலையில் சாம்பலை விலக்கி, நாலு காய்ந்த பருத்திமாரை மேலே வைத்து, ஊதாங்குழலால் நாலு ஊது. அடுப்பு பற்றிக்கொள்ளும்.

இது நல்ல நாளின் கதை. ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, சரியாக அடுப்புக்கு மேலேயே சொட்டிய ராத்திரியில் என்ன ஆகும்? காலையில் சாம்பலைக் கிளறினால் களிமண் மாதிரி வரும். வீட்டில் ஆறு பேர். கஞ்சி குடித்துவிட்டுக் காட்டுக்குப் போக வேண்டிய ஆட்கள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கதவு தட்டப்படும்.

''மதினி... உங்க அடுப்புல கங்கு கெடக்கா?''

''எடுத்துக்கோ. ஓடு கொண்டாந்திருக்கியா?''

உடைந்த பானை ஓட்டிலோ சிரட்டையிலோ ரெண்டு கங்கைப் போட்டுக்கொண்டு, காற்றில் அணைந்துவிடாமல் கையால் மறைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குத் திரும்ப வேண்டும். போகிற போக்கில், அந்த வீட்டு மருமகள் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்ற தகவலும் கூடவே வந்துவிடும். அது இலவச இணைப்பு!

பி.காம். படித்தவனுக்கு இந்தப் பரிவர்த்தனை ஒரு பெரிய ஆச்சரியம். அரிசி கடன் கொடுத்தால் என் பானையில் அரிசி குறையும். பணம் கொடுத்தால் பெட்டியில் பணம் குறையும். நெருப்பைக் கொடுத்தால்? ஒன்றும் குறையாது. வாங்கியவருக்கு வரவு. கொடுத்தவருக்குப் பற்று இல்லை. எந்தக் கணக்குப் பேரேட்டிலும் எழுத முடியாத சரக்கு அது.

அப்படிப்பட்ட சரக்குக்கும் கட்டுப்பாடுகள் வைத்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. விளக்கு வைத்த பிறகு நெருப்பு கொடுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமையானால் உப்பும் பணமும் நெருப்பும் வாசற்படி தாண்டாது. தாண்டினால் லட்சுமியும் கூடவே தாண்டிப் போய்விடுவாள் என்று நம்பிக்கை. ஆக, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்பு அணைந்த வீடு அதோகதிதான்.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. அதை வேடிக்கை என்று சொல்ல முடியாது. எல்லோரும் எல்லா வீட்டு வாசலுக்கும் போய் நிற்க முடியாத ஊர்கள் அவை. எந்தத் தெருக்காரர் எந்தத் தெருவுக்குள் நுழையலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. 'பக்கத்து வீடு' என்றால் நம் ஆட்கள் வீடு என்றுதான் அர்த்தம். நெருப்புக்கு ஜாதி இல்லை. அதைக் கேட்டுப் போகிறவருக்கு இருந்தது.

இந்த நிலைமையில்தான், கடல் கடந்து ஒரு சின்னக் குச்சி வந்து சேர்ந்தது.

1826. இங்கிலாந்தில் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் என்ற சிறிய ஊர். அங்கே ஜான் வாக்கர் என்பவர் மருந்துக்கடை வைத்திருந்தார். ரசாயனக் கலவைகளைக் கலக்கிப் பார்ப்பதில் ஆர்வம் உள்ளவர். கலவை பூசிய ஒரு குச்சியை உரசினால் தீப்பிடிக்கிறது என்பதைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே தன் கடையில் அதை விற்க ஆரம்பித்துவிட்டார். காப்புரிமை மட்டும் வாங்கவே இல்லை. விளைவு, ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள்.

எதில் உரசினாலும் எளிதாகப் பற்ற வேண்டும் என்பதற்காக, பின்னால் வந்தவர்கள் வெள்ளைப் பாஸ்பரஸ் என்ற சரக்கைச் சேர்த்தார்கள். அது விஷம். அந்தப் புகையைச் சுவாசித்த தொழிலாளிகளின் தாடை எலும்பு அழுகியது. 1888-ல் லண்டனில் பிரையன்ட் அண்ட் மே என்ற தீப்பெட்டித் தொழிற்சாலையில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அவர்களுடைய நிலைமையைப் பத்திரிகையில் எழுதி ஊருக்குச் சொன்னவர் யார் தெரியுமா? பிற்பாடு நம் சென்னை அடையாறில் பிரம்ம ஞான சபையின் தலைவராக இருந்த அதே அன்னி பெசன்ட் அம்மையார்தான்!

1906-ல் பெர்ன் நகரத்தில் கூடிய சில நாடுகள், வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிக்குத் தடை போடச் சம்மதித்தன. அதற்கான மாற்று ஸ்வீடனில் அரை நூற்றாண்டுக்கு முன்பே தயாராகி இருந்தது. 1844-ல் குஸ்டாஃப் எரிக் பாஷ் என்பவர் ஓர் அருமையான யோசனை செய்தார். நெருப்புக்கான சரக்கை ரெண்டாகப் பிரித்துவிட்டார். குச்சியின் தலையில் ஒரு பாதி, பெட்டியின் பக்கவாட்டில் மறு பாதி. பெட்டியில் தடவியிருப்பது விஷமில்லாத சிவப்புப் பாஸ்பரஸ். ரெண்டும் சந்தித்தால்தான் தீ. யான்ஷோப்பிங் நகரத்து லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைப் பெரிய அளவில் தயாரித்து உலகம் பூராவும் அனுப்பினார்கள். இன்று நம் வீட்டில் இருக்கும் தீப்பெட்டி, அடிப்படையில் அதே பெட்டிதான்.

இந்தியாவுக்கு ஸ்வீடன் பெட்டியும் வந்தது, ஜப்பான் பெட்டியும் வந்தது. 'நாமே செய்தால் என்ன?' என்று சுதேசிகளுக்கும் ஆசை வந்தது. வங்காளத்தில் தன் சிறுவயதில் நடந்த அப்படி ஒரு முயற்சியைத் தாகூர் தன் நினைவுக் குறிப்புகளில் கிண்டலாக எழுதியிருக்கிறார். அந்தச் சில பெட்டிகளைச் செய்து முடிக்க ஆன செலவில், ஒரு குடும்பத்தின் அடுப்பை வருஷம் பூராவும் எரித்திருக்கலாமாம். போதாக்குறைக்கு, பக்கத்தில் ஏற்கெனவே நெருப்பு இருந்தால்தான் அந்தக் குச்சி பற்றுமாம்!

அதாவது, தீக்குச்சி பற்றவைக்கப் பக்கத்து வீட்டு நெருப்பு தேவைப்பட்டது.

ஆசை மட்டும் போதாது, கணக்கு ஒத்துவர வேண்டும். 1922-ல் ஒத்துவந்தது. பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குப் பணமுடை. வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, 12 அணா இருந்த இறக்குமதி வரியை ஒன்றரை ரூபாயாக ஏற்றிவிட்டார்கள். சரியாக ரெண்டு மடங்கு. ஒரு பெட்டிக்கு ஒரு தம்படியாக இருந்த வரி, ரெண்டு தம்படி ஆனது. 'இதுதானா?' என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். விலையே சில தம்படிகளாக இருக்கிற பொருளில் ஒரு தம்படி என்பது மலை. உள்நாட்டில் செய்கிறவருக்கு அந்த மலை அத்தனையும் நிழல்.

சரி, சிவகாசிக்கு வருவோம்.

அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த சின்ன ஊர். சுற்றிலும் மானாவாரி பூமி. மழையை நம்பிப் பருத்தி, கம்பு, சோளம். வானம் பார்த்த விவசாயத்தில் ஒரு வருஷம் மழை பொய்த்தால் வீட்டில் என்ன நடக்கும்? முதலில் சோறு கஞ்சியாகும். பிறகு மாடு விற்கும். பிறகு காதில், கழுத்தில் இருப்பது அடகுக்குப் போகும். கடைசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு, பிழைக்க வெளியூர் போவார்கள். இலங்கைக்கும் பர்மாவுக்கும் தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளிலிருந்து எத்தனையோ பேர் கப்பலேறிய காலம் அது.

கஷ்டத்தைச் சேர்ந்து சமாளிக்கிற ஒரு பழக்கமும் இந்த வட்டாரத்தில் இருந்தது. வியாபாரத்தில் வரும் லாபத்தில் ஒரு துளியை ஊர்ப் பொதுவுக்கு ஒதுக்குவார்கள். அதற்குப் பெயர் மகமை. விருதுநகரில் பள்ளிக்கூடம் நடத்தக் காசில்லையே என்று கவலைப்பட்டபோது, வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியில் வளர்ந்ததுதான் சத்திரிய வித்யாசாலை. அங்கே படித்த பையன்களில் ஒருவர் பெயர் காமராஜ். ஒரு வீட்டுக்குப் பிடி அரிசி குறைவதால் பசி வந்துவிடாது. ஊருக்கே சேர்ந்தால் ஒரு பள்ளிக்கூடம் வந்துவிடும். கங்கு கொடுக்கிற கணக்குதான் இதுவும்.

1922-ல் சிவகாசியிலிருந்து ரெண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். பி.ஐய நாடார், ஏ.சண்முக நாடார். இருவரும் உறவினர்கள். கல்கத்தாவில் அப்போது தீப்பெட்டித் தொழில் சூடுபிடித்திருந்தது. சில மாதங்கள் அங்கே தங்கி, மருந்து கலப்பது முதல் பெட்டி ஒட்டுவது வரை கற்றுக்கொண்டார்கள். 1923-ல் ஊர் திரும்பித் தொழிலை ஆரம்பித்தார்கள். 1926 வாக்கில் இருவரும் தனித்தனியே தொழில் நடத்தத் தொடங்கினார்கள். அவருடையது அணில், இவருடையது காக்கா. நம் வீட்டு முற்றத்துக்குத் தினமும் வந்து போகிற ரெண்டு ஜீவன்களும் பெட்டி மேல் ஏறிக்கொண்டன.

அவர்கள் திரும்பி வந்த அதே 1923-ல், பம்பாய்ப் பக்கம் விம்கோ என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் பின்னால் இருந்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். அவர்களுக்குத் தலைவர் ஐவர் க்ரூகர். 'தீப்பெட்டி ராஜா' என்று உலகமே அழைத்த மனிதர். அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்து, பதிலுக்கு அந்த நாட்டின் தீப்பெட்டி வியாபாரத்தை மொத்தமாக எழுதி வாங்கிக்கொண்டவர். அவரிடம் பெரிய பெரிய இயந்திரங்கள் இருந்தன. பணம் இருந்தது.

சிவகாசியிடம் என்ன இருந்தது? வெயில்!

விவசாயிக்குச் சாபமாக இருந்த வறட்சி, தீப்பெட்டிக்காரருக்கு வரமாகிவிட்டது. மருந்து முக்கிய குச்சி காய வேண்டும். பசை தடவிய பெட்டி காய வேண்டும். வெளிநாட்டில் அதற்கெனச் சூடேற்றும் அறைகளும் இயந்திரங்களும் வேண்டும். இங்கே முற்றத்தில் பரப்பிவைத்தால் போதும். காசு வாங்காமல் சூரியன் காயவைத்துக் கொடுத்தது.

இன்னொன்றும் இருந்தது. மழை பொய்த்த வீடுகளில் சும்மா இருந்த கைகள்.

இங்கேதான் சிவகாசியின் வியாபார மூளையைக் கவனிக்க வேண்டும். இயந்திரம் வாங்கினால் முதல் போட வேண்டும், வட்டி கட்ட வேண்டும், பழுது பார்க்க வேண்டும். வேலை இல்லாத நாளிலும் வட்டி ஓடும். கையால் செய்தால், செய்த குரோஸுக்கு மட்டும் கூலி. சரக்கு போகாத மாதத்தில் கூலியும் இல்லை. முதலாளியின் பார்வையில் நஷ்டத்துக்கு இடமே இல்லாத ஏற்பாடு. அந்த நஷ்டம் எங்கே போனது என்கிறீர்களா? கூலிக்காரர் வீட்டு அடுப்படிக்குப் போனது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1927-ல் விருதுநகர் - தென்காசி ரயில் பாதை வந்தது. சிவகாசி அந்தப் பாதையில் ஒரு ஸ்டேஷன். சரக்கு வெளியே போக வழி கிடைத்தது. பெட்டிக்கு லேபிள் அடிக்க அச்சகங்கள் வந்தன. அச்சகத்திலிருந்து காலண்டர் வந்தது. மருந்து கலக்கத் தெரிந்த கைக்குப் பட்டாசு எம்மாத்திரம்? இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு நின்றுபோனது. 1940-ல் வந்த வெடிபொருள் விதிகள் லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தன. 1942-ல் ஸ்டாண்டர்டு ஃபயர் ஒர்க்ஸ் பிறந்தது. 'குட்டி ஜப்பான்' என்று நேரு புகழ்ந்ததாக இன்றும் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

க்ரூகர் என்ன ஆனார்? கடன் மேல் கடன், கணக்கில் தில்லுமுல்லு. 1932 மார்ச்சில் பாரிஸ் நகரில், தன் வீட்டில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்துபோனார். அணிலும் காக்காவும் பிழைத்துக்கொண்டன.

இப்போது அடுப்படிக்கு வருவோம்.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பார்கள். பட்டாசு செய்கிற இடம் 'பயர் ஆபீஸ்'. ஆபீஸ் என்றதும் மேஜை, நாற்காலி, ஃபேன் என்று கற்பனை செய்துவிடாதீர்கள். தரையில் உட்கார்ந்து, சட்டத்தின் பள்ளங்களில் ஒவ்வொரு குச்சியாக அடுக்க வேண்டும். குச்சி ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் மருந்து முக்கும்போது ஒட்டிக்கொள்ளும். விரல்தான் இயந்திரம்.

பெட்டி ஒட்டுகிற வேலையோ வீட்டுக்கே வந்துவிட்டது. ஒரு பக்கம் கஞ்சி கொதிக்கும். இன்னொரு பக்கம் பசை கொதிக்கும். பாட்டி மேல்பெட்டி மடிப்பாள், மகள் காகிதம் ஒட்டுவாள், பேத்தி வெயிலில் பரப்புவாள். மாடு மேய்த்துவிட்டு வந்த பையன் எண்ணி அடுக்குவான். 144 ஆனால் ஒரு குரோஸ். ஒரு வீட்டின் மொத்தக் குடும்பமும் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கும்.

மழை பெய்தால்? மானாவாரிக் காட்டுக்கு மழை வேண்டும். அதே வீட்டின் முற்றத்தில் காய்கிற பெட்டிக்கு மழை கூடாது. பெய்தால் அன்றைய கூலி போச்சு, பெய்யாவிட்டால் அந்த வருஷ வெள்ளாமை போச்சு. வானத்தைப் பார்த்து எதைக் கேட்பது என்று தெரியாத வீடுகள் அவை.

அதே ஐப்பசி மழையில் உங்கள் வீட்டுப் பாட்டி என்ன செய்துகொண்டிருந்தார்? நமத்துப்போன தீக்குச்சியைத் தலைமுடியில் ரெண்டு தேய்ப்புத் தேய்த்து, உரசிக்கொண்டிருந்தார். குச்சித் தலையில் இருக்கும் பசை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் மழைக்காலத்தில் தீப்பெட்டியை அடுப்பு மேடைக்கு மேலே, சூடு படுகிற மாடக்குழியில் வைப்பார்கள். சிலர் அரிசிப் பானைக்குள் வைப்பார்கள். ஆறு குச்சி வீணானால், 'இந்த சிவகாசிக்காரனுக்கு...' என்று ஒரு வசவும் விழும்.

அந்த 'சிவகாசிக்காரன்' யார்?

1980-களில் வெளி உலகம் அதைக் கண்டுபிடித்தது. விடிவதற்கு முன்பே கிராமம் கிராமமாகத் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை அம்மாமார் எழுப்பி, தூக்குச் சட்டியில் சோறு கட்டிக்கொடுத்து ஏற்றிவிடுவார்கள். பெரும்பாலும் பெண் குழந்தைகள். இருட்டிய பிறகு வண்டி திருப்பிக் கொண்டுவந்து இறக்கும். 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று 1990-ல் சலம் பென்னுர்கர் ஓர் ஆவணப்படமே எடுத்தார்.

'பெற்ற பிள்ளையை அனுப்ப எப்படி மனசு வந்தது?' என்று நகரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்பது சுலபம். எப்படி நடந்தது என்று பாருங்கள். வீட்டில் யாருக்கோ வைத்தியச் செலவு. அல்லது மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். அல்லது கூரை விழுந்துவிட்டது. அந்த நேரத்தில் வங்கி வராது. ஏஜென்ட் வருவார். ''எதுக்குக்கா கவலைப்படுற? முன்பணம் வாங்கிக்கோ. சின்னவளை அனுப்பு, கழிச்சுக்கலாம்'' என்பார். முன்பணம் கழிவதற்குள் அடுத்த கஷ்டம் வரும். அடுத்த முன்பணம் வரும். சின்னவள் பெரியவள் ஆகிவிடுவாள். அவளுடைய தங்கை வண்டி ஏறுவாள்.

பள்ளிக்கூடமே இல்லாத ஊர்களா இவை? இல்லை. ஏழைப் பிள்ளைகள் பசியோடு வரக்கூடாது என்று 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது இதே வட்டாரத்து எட்டயபுரத்தில்தான். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். மத்தியானச் சோற்றைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்டது. வீட்டு முன்பணத்தை அது எப்படிக் கழிக்கும்?

1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா சிவகாசிக் குழந்தைகளுக்காக உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 10-ம் தேதி தீர்ப்பு வந்தது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்த முதலாளி, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நிதியாகக் கட்ட வேண்டும் என்றது கோர்ட். எல்லோரும் இதைத்தான் தலைப்புச் செய்தியாகப் போட்டார்கள். என்னைக் கேட்டால், அதைவிட முக்கியம் அடுத்த வரி. குழந்தையை வேலையிலிருந்து எடுத்தால், அந்த வீட்டில் ஒரு பெரியவருக்கு வேலை கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் அரசாங்கம் தன் பங்காக 5,000 ரூபாயை நிதியில் போட வேண்டும்.

அதன் அர்த்தம் என்ன? குழந்தை வேலைக்குப் போனது அந்த வீட்டின் குணக்கேடு இல்லை. கஷ்டத்தைச் சமாளிக்க அந்த வீட்டிடம் மிச்சமிருந்த கடைசி வழி அது. அந்த வழியை அடைத்தால் இன்னொரு வழியைத் திறந்துவிட வேண்டும். இதைத்தான் நீதிமன்றம் சட்ட மொழியில் சொன்னது.

சட்டம், பள்ளிக்கூடம், தொண்டு நிறுவனங்கள், இயந்திரங்கள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் என்று எல்லாம் சேர்ந்து, விடிகாலை வண்டிகளில் குழந்தைகள் குறைந்தார்கள். மகளிர் குழுவை இந்தப் பட்டியலில் நான் சும்மா சேர்க்கவில்லை. வாரா வாரம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அவசரத்துக்கு ஒருத்திக்கு எடுத்துக்கொடுப்பதுதானே அதன் வேலை? ஏஜென்ட்டின் முன்பணத்துக்கு எதிரில் நிற்கிற பிடி அரிசி அது.

சரி, தீப்பெட்டி இன்று எப்படி இருக்கிறது?

விலையைப் பாருங்கள். 1995-ல் 25 காசுப் பெட்டி 50 காசு ஆனது. 2007-ல் ஒரு ரூபாய். அதற்கப்புறம் 14 வருஷம் அசையவே இல்லை! அந்த 14 வருஷத்தில் உங்கள் வீட்டில் விலை ஏறாத வேறொரு பொருளைச் சொல்லுங்கள் பார்ப்போம். 2021-ல் சிவகாசியில் கூடிய தீப்பெட்டித் தயாரிப்பாளர் சங்கங்கள், இனித் தாங்காது என்றன. 14 வகை மூலப்பொருட்களின் விலையும் ஏறிவிட்டது. சிவப்புப் பாஸ்பரஸ் மட்டும் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாய். அந்த வருஷம் டிசம்பர் 1 முதல் பெட்டி ரெண்டு ரூபாய் ஆனது.

பதினாலு வருஷம் விலை நின்றது என்றால், அதைத் தாங்கிப் பிடித்தது யார்? ஒரு பகுதி இயந்திரம். ஒரு பகுதி முதலாளியின் லாபக் குறைவு. மிச்சம், குரோஸ் கணக்கில் கூலி வாங்கும் பெண்களின் விரல்கள்.

அதற்குள் அடுப்பே மாறிவிட்டது. 2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. பருத்திமாரும் ஊதாங்குழலும் பின்வாங்கின. கேஸ் அடுப்போடு லைட்டர் வந்தது. வெளிநாட்டிலிருந்து பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் வந்தது. இருபது தீப்பெட்டியின் வேலையை அது ஒன்றே செய்துவிடும் என்று தீப்பெட்டி ஆபீஸ்கள் கதறின. 2022-ல் முதல்வர் ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது.

வரலாறு எப்படித் திரும்புகிறது பாருங்கள். 1922-ல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்குப் போட்ட வரியால் பிறந்த தொழிலை, 2023-ல் வெளிநாட்டு லைட்டருக்குப் போட்ட தடைதான் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நமக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் ஒரு சின்னத் தொல்லை தீர்ந்துவிட்டால், 'காலம் முன்னேறிவிட்டது' என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவோம். காலம் தானாக முன்னேறுவதில்லை. நம் வீட்டின் சின்னக் கஷ்டத்தை, எங்கோ ஒரு வீடு தன்னுடைய பெரிய கஷ்டத்தைக் கொண்டு தீர்த்துவைக்கிறது. அடுப்பில் நெருப்பு இல்லை என்பது நம் பிரச்னை. மழை இல்லை என்பது அவர்கள் பிரச்னை. ரெண்டும் குச்சியும் பெட்டியும் மாதிரி உரசிக்கொண்டபோது பிறந்ததுதான் சிவகாசி.

முன்பு பக்கத்து வீட்டு மதினி கங்கு கொடுத்தாள். அவளுக்கு எதுவும் குறையவில்லை. பதிலுக்கு அவள் அடுப்பு அணைந்த நாளில் நாம் கொடுத்தோம். கணக்கு நேராகிவிடும். சிவகாசிப் பக்கத்து மதினி கொடுத்த நெருப்பு அப்படி இல்லை. அவளுக்குக் குறைந்தது. தூக்கம் குறைந்தது, படிப்பு குறைந்தது, கண் பார்வை குறைந்தது. அவள் வாசலில் போய் நின்று, 'உனக்கு என்ன வேணும்?' என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. பேரம் பேசாமல் வாங்குகிற பொருள் என்பதால், அதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று.

ரெண்டு ரூபாய்ப் பெட்டியில் சுமார் 50 குச்சி. ஒரு குச்சி நாலு காசு. இந்த மழைக்காலத்தில் ரெண்டு குச்சி நமத்துப்போனால் உங்களுக்கு நஷ்டம் எட்டுக் காசு. தாராளமாகத் தாங்கலாம். வசவு மட்டும் வேண்டாம். அந்தக் குச்சி காய வேண்டிய நாளில், அந்த ஊரிலும் மழை பெய்திருக்கும்.